ஏரியில் குழி வெட்டுவது தூர்வாருவது ஆகாது

முழங்கால் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த பையன் நாலு எட்டு வைத்ததும் ஆளைக் காணோம். கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி இன்னொரு சாவு. ஏரிப் பாசன வேலையில் இருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு ஆத்திரம்தான் வருகிறது. "சுழல் இழுத்துருச்சு" என்கிறார்கள். நிற்கிற தண்ணீரில் ஏதுங்க சுழல்? வயலுக்கு வண்டல் எடுக்கிறேன் என்று ஹிட்டாச்சி இயந்திரம் வைத்துச் செங்குத்தாக வெட்டிய பள்ளம் அது. ஓரமெல்லாம் களி, பிடித்தால் கையோடு வழுக்கிக்கொண்டு வரும், நீச்சல் தெரிந்தவனே ஏற முடியாது.

இதைச் சொன்னால், "ஆழமா எடுத்தாத்தானே சார் தண்ணி நிக்கும்?" என்று ஊர்ப் பெரியவர்களே கேட்கிறார்கள். ஏரித் தண்ணீர் வயலுக்குப் போவது மதகு வழியாக. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக ஏறி வாய்க்காலுக்கு வராது, மோட்டார் வைத்தால்தான் உண்டு. ஆடுமாட்டுக்கு ஆகும், மீனுக்கு ஆகும், சரி. ஆனால் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரி பாயும் வயல்களுக்கு வேண்டியது, மதகு மட்டத்துக்கும் ஏரி நிரம்பி வழியும் கோடி மட்டத்துக்கும் நடுவே ஏரி முழுக்கப் பரவலாகப் படிந்த மண்ணை எடுப்பது. அங்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும், டிப்பர் இறங்காது, அதனால் யாரும் தொடுவதில்லை. லோடு சுலபமாக ஏறும் இடத்திலேயே, வண்டல் தீர்ந்து நொரம்பு (சரளை மண்) வந்த பிறகும் வெட்டிக்கொண்டே போகிறார்கள். (நொரம்பு எந்த வயலுக்கு உரம்? அது எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும்.)

துறைமுகத்தில் தூர்வாரினால் இத்தனை மீட்டர் ஆழம் என்று முன்பே மட்டம் குறித்து, வாரியதும் ஒலியலையால் அளந்து, வரைபடத்தில் ஏற்றுவார்கள். நம் ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டால் வெட்டியவருக்கே பள்ளம் எங்கே என்று தெரியாது.

2024 முதல் வண்டலுக்குத் தாசில்தாரே அனுமதி தரலாம், நல்லதுதான். அனுமதித்த அளவோடு நிறுத்துங்கள். கரையின் அடியை ஒட்டியோ மதகை ஒட்டியோ ஹிட்டாச்சி பக்கெட்டை வைக்காதீர்கள், கரை உட்கார்ந்துவிடும். பள்ளத்தின் ஓரத்தை ஆள் நடந்து ஏறும்படி சரிவாக வெட்டச் சொல்லுங்கள். ஆபரேட்டர் டீசல் கணக்குச் சொல்லி முணுமுணுப்பார், விடாதீர்கள். மழைக்கு முன்பே சுற்றிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். யாராவது மூழ்கினால் கூடவே குதிக்காதீர்கள், கயிறோ மூங்கிலோ புடவையோ நீட்டுங்கள், 112-க்கு அடியுங்கள்.

அப்புறம் ஒன்று, பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்களிடம். போன வருஷம் அவன் இறங்கி விளையாடிய அதே ஏரிதான் என்றாலும், கோடையில் வண்டி இறங்கியதா, எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்று வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியிடமோ ஆடு மேய்ப்பவரிடமோ கேட்காமல் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.