ஒரு யூனிட் போட்டால் மூன்று யூனிட் வருமா?

பதினெட்டு அறைகள் கொண்ட ஒரு சின்ன ஹோட்டலில் தங்கிய வாசகர், குளியலறைச் சுவரில் இருந்த அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ‘இங்கே 1 யூனிட் மின்சாரத்தில் 3 யூனிட் வெப்பம் பெறுகிறோம்’ என்று அதில் போட்டிருக்கிறது. “ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்றுதானே பள்ளியில் படித்தோம்? இது புருடாதானே?” என்பது அவர் கேள்வி.

சந்தேகம் நியாயம்தான். பசுமையின் பெயரால் ஹோட்டல்கள் விட்ட கதைகள் கொஞ்சமல்ல. ‘துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்’ வகை அட்டையைப் பார்த்துத்தான் 1986-இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ‘கிரீன்வாஷிங்’ (பசுமைப் பூச்சு) என்ற சொல்லையே உருவாக்கினார். (அந்த அட்டைக்கும் ஓர் அறிவியல் உண்டு. 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற அட்டைக்குச் சுமார் 37 சதவீதம் பேர் இணங்கினார்கள். ‘இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலானோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்’ என்ற அட்டைக்கு 49 சதவீதம். பூமியைவிட, நமக்கு முன் அந்தக் கட்டிலில் படுத்த முகம் தெரியாத ஆள் நமக்கு முக்கியம்.) ஆனால் வாசகர் அனுப்பிய அட்டை பொய் சொல்லவில்லை. ‘பெறுகிறோம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ‘உண்டாக்குகிறோம்’ என்று எழுதவில்லையே!

சாவி அட்டையை உருவினால் அணையும் விளக்கு, காற்றைக் கலந்து பீய்ச்சும் ஷவர், எல்இடி பல்பு எல்லாம் நீங்கள் அறிந்தவை, தாண்டிப் போகிறேன். வெந்நீருக்கு வருவோம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 35 யூனிட் வேண்டும். கம்பிச்சுருள் ஹீட்டரில் இதில் பேரமே கிடையாது, 35 என்றால் 35தான். வெப்பத்தை ஓரிடத்திலிருந்து உறிஞ்சி இன்னோரிடத்தில் சேர்க்கும் ஹீட் பம்ப் என்ற இயந்திரம் அதே வேலையை 12 யூனிட்டில் முடிக்கிறது. மிச்சம் 23 யூனிட் எங்கிருந்து வருகிறது? மொட்டை மாடிக் காற்றிலிருந்து.

கையில் சானிடைசர் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. எவ்வளவு பிடுங்கும் என்பதுதான் வியப்பு. ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து நூறு டிகிரிக்குக் கொண்டுபோக 418 கிலோஜூல் போதும். அதே நூறு டிகிரியில் அதை முழுக்க ஆவியாக்க இன்னும் 2,257 கிலோஜூல்! தெர்மாமீட்டர் அசையவே இல்லை, ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. உள்ளுறை வெப்பம் என்று தமிழில் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஆவி திரும்பத் திரவமாகும்போது ஒளிந்ததெல்லாம் வெளியே வந்தாக வேண்டும்.

அடுத்த துருப்புச்சீட்டு அழுத்தம். அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும், கூடினால் கொதிநிலையும் கூடும். ஹீட் பம்ப் குழாய்க்குள் ஓடும் ஆர்-134ஏ என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்றரை மடங்கில் அது 5 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்கு 28 டிகிரி காற்று அடுப்பு மாதிரி! காற்றின் வெப்பத்தை விழுங்கி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை வளிமண்டலத்தைப் போல 17 மடங்கு அழுத்தத்துக்கு நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுகிற கதைதான், ஆவி கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிறது. இந்த அழுத்தத்தில் அதன் கொதிநிலை 60 டிகிரி. அதாவது 60 டிகிரியிலேயே அது திரவமாகிவிடும். ஆகிறபோது, மாடிக் காற்றில் விழுங்கியதையும் கம்ப்ரஸர் கொடுத்ததையும் சேர்த்துத் தண்ணீர்த் தொட்டியில் கக்குகிறது. பிறகு ஒரு குறுகிய வால்வு வழியாக நுழைந்து அழுத்தம் விழ, மறுபடி சில்லிட்டுப் போய்க் காற்றின் வாசலில் நிற்கிறது. ஒரே பொருள், ஓரிடத்தில் 5 டிகிரியில் கொதிக்கிறது, இன்னோரிடத்தில் 60 டிகிரியில் குளிர்ந்து திரவமாகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மூன்றுக்குப் பதில் முப்பது கிடைக்காதா? பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ 1824-இலேயே போட்ட கோடு ஒன்று இருக்கிறது. சூடான பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையை இரு பக்க வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 60 டிகிரியோடு 273-ஐக் கூட்டினால் 333 கெல்வின், 60-க்கும் 5-க்கும் வித்தியாசம் 55. 333-ஐ 55-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6. உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் பாதி தேறும். எனவே மூன்று. தண்ணீர் 40 டிகிரி போதும் என்றால் கணக்கு இன்னும் லாபம்தான், ஆனால் தொட்டியில் லெஜியோனெல்லா குடியேறும். 1976-இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடியவர்களைக் கொன்ற பாக்டீரியா இது. 20 முதல் 45 டிகிரி வரை சுகமாகப் பெருகும். அதனால் தொட்டியை 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். கடைசி ஐந்து டிகிரிக்குப் பல ஹோட்டல்களில் பழைய கம்பிச்சுருளே துணை.

ஆர்-134ஏ கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். 2016-இன் கிகாலி ஒப்பந்தத்துக்குப் பின் இத்தகைய பொருள்களைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். புரொப்பேன் நல்ல மாற்று, ஆனால் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காத, புவியைச் சூடாக்காத, மலிவான ஒரு பொருளைத் தேடுகிறேன் என்று யாராவது நிதி கேட்டால் கொட்டாவி விடுகிறார்கள் என்பது என் குறை. இந்தத் துறையில் ராக்கெட் பறப்பதில்லை, ரிப்பன் வெட்ட ஒன்றுமில்லை.

கேள்வி வந்த வாரம், எனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஹோட்டலின் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வரவேற்பறையில் ‘மின்சாரத்தை மிச்சப்படுத்தும்’ டப்பா ஒன்று சாக்கெட்டில் சிவப்பு விளக்கு எரிய நின்றது. மிச்சப்படுத்துவது வாங்கியவரின் மன உளைச்சலை மட்டும். மாடியில் ஹீட் பம்பின் விசிறி முன் கையை நீட்டினேன். சில்லென்ற காற்று, அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இரண்டடி தள்ளி, அறைகளின் ஏசிப் பெட்டிகள் வரிசையாக அனலைக் கக்கிக்கொண்டிருந்தன. ஒன்று குளிரை வானத்துக்கு ஊதுகிறது, மற்றது சூட்டை வானத்துக்கு ஊதுகிறது!

“இந்த அனலை ஹீட் பம்பின் வாய்க்குள்ளும், அதன் சில்லென்ற காற்றை ஏசிப் பெட்டிகள் பக்கமும் திருப்பிவிட்டால் இரண்டு பில்லும் குறையுமே?” என்று மேலாளரிடம் கேட்டேன்.

“போன வருஷமே கேட்டுப் பாத்தாச்சு சார். ஏசி ஒரு கம்பெனி, ஹீட் பம்ப் வேற கம்பெனி. நடுவுல ஒரு தகரத்தை வெச்சா ரெண்டு பேரோட வாரண்டியும் போயிடுமாம்.”