பழைய சிஎன்சி லேத்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் டயல் வைத்துப் பாருங்கள்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பம்ப் ஷாஃப்ட், புஷ், ஃப்ளாஞ்ச் என்று ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைக்கு 30, 50, 100 என்றுதான் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் லேத்) பார்க்கப் போனால் வாயில் வரும் முதல் கேள்வி, ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) எத்தனை? இந்த அளவு ஆர்டருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. 50 புஷ், ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் ஓட்டம் 150 நிமிடம். ஜா (ஜாப்பைப் பிடிக்கும் தாடை) மாற்றி, டூல் ஏற்றி, ஆஃப்செட் (டூல் முனை நிற்கும் இட அளவு) எடுத்து, முதல் பீஸ் பாஸ் ஆக 90 நிமிடம். 20 சதவீதம் வேகமான மெஷினால் மிச்சமாவது அரை மணி. செட்டிங் நேரத்தைப் பாதியாக்கினால் மிச்சம் முக்கால் மணி.

அதனால் வேகத்துக்குக் கொடுக்கும் காசை 8 ஸ்டேஷன் டரட் (எட்டு டூலைப் பிடித்துச் சுழன்று மாற்றும் தலை), ஹைட்ராலிக் சக் (எண்ணெய் அழுத்தத்தில் ஜாப்பை இறுக்கும் பிடி), கூடுதலாக மூன்று நான்கு செட் சாஃப்ட் ஜா (ஜாப்புக்கு ஏற்பக் கடைந்துகொள்ளும் தாடை) என்று போடுங்கள். 25 மிமீக்குள் கம்பி வேலை மட்டும்தான் என்றால் டரட் இல்லாமல் டூல்கள் வரிசையாக நிற்கும் லீனியர் டூலிங் மெஷின் மலிவு, டூல் மாறவும் நேரமெடுக்காது. பெரிய விட்டம் பிடித்தால் பக்கத்து டூல் ஜாப்பில் இடிக்கும், அவ்வளவுதான். சக் அளவை மட்டும் கேட்டு நிறுத்தாமல் டிரா ட்யூப் (சக்கின் பின்னால் கம்பி நுழையும் குழாய்) துளை எத்தனை மிமீ என்றும் கேளுங்கள். உள்ளே போகாத கம்பியை ஒவ்வொரு துண்டாக அறுத்துத்தான் போட வேண்டும்.

பட்ஜெட் பழைய மெஷினுக்குத்தான் வரும் என்றால் அதில் தப்பில்லை. பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்பதை மட்டும் நம்பாதீர்கள். கையில் ஒரு மைக்ரான் டயல் (மிமீயில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைவையும் முள்ளால் காட்டும் கருவி), மேக்னட் ஸ்டாண்ட், 40 மிமீ விட்டமுள்ள இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) துண்டு ஒன்று இருக்கட்டும்.

முதலில் பேக்லாஷ், அதாவது திசை மாற்றும்போது ஸ்லைடு அசையாமல் போகும் தளர்ச்சி. ஸ்டாண்டை டரட்டில் ஒட்டி, டயல் முனையைச் சக் முகத்தில் தொட வையுங்கள். ஹேண்ட்வீலை ஒரு மைக்ரான் ஸ்டெப்பில் வைத்து ஒரே பக்கம் சுற்றி, முள் நகர்ந்ததும் ஜீரோ செய்யுங்கள். இப்போது எதிர்ப்பக்கம் ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி, முள் அசையும் வரை எண்ணுங்கள். ஃபானுக் கன்ட்ரோலாக இருந்தால் அதற்கு முன்பே பேக்லாஷை ஈடுகட்டும் 1851ஆம் பாராமீட்டரை (கன்ட்ரோலில் பதிந்திருக்கும் செட்டிங்) திறந்து பாருங்கள். அங்கே பெரிய எண் இருந்தால் தேய்மானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பெட்டின் நடுவிலும் வால் பக்கமும் நீளமான பார் பிடித்து இதையே செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் பாராமீட்டர் சமாளித்துவிடும். சக் அருகே 25 மைக்ரான், கடைசியில் 5 என்றால் வருடக்கணக்கில் குட்டை ஜாப் ஓடி அந்த இடத்தில் மட்டும் பால் ஸ்க்ரூ (ஸ்லைடை நகர்த்தும் திருகு) தேய்ந்திருக்கிறது. ஒரே ஒரு எண்ணால் அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்க்ரூ மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து டேப்பர், அதாவது ஒரு முனை தடித்து மறுமுனை மெலிவது. இஎன்8 துண்டை 120 மிமீ வெளியே விட்டுப் பிடித்து, டெயில்ஸ்டாக் (ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) இல்லாமல் 0.2 மிமீ ஃபினிஷிங் கட் ஓட்டி இரு முனையிலும் மைக்ரோமீட்டர் வையுங்கள். வெளி முனை பெரிதாக இருந்தால் கம்பி வளைந்து கொடுத்ததும் காரணமாகலாம். சிறிதாக இருந்தால், பெரும்பாலும் எங்கோ மோதி ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) திரும்பியிருக்கிறது. அதை அலைன் செய்ய முடியும். அதனால் இது பேரம் பேச வேண்டிய குறை, ஒதுக்க வேண்டியதல்ல.

டரட் அடி வாங்கியதா என்பதை ஃபேஸிங் (ஜாப்பின் முகத்தைத் தட்டையாகக் கடைவது) சொல்லிவிடும். மையத்தில் சின்ன மூக்கு நின்றால் டூல் சென்டரில் இல்லை. ஒரு ஸ்டேஷனில் மட்டும் என்றால் ஷிம் (மெல்லிய தகடு) போதும். எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மாதிரி என்றால் டரட்டே நகர்ந்திருக்கிறது.

ஸ்லைடை மூடியிருக்கும் டெலஸ்கோப்பிக் கவரைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். ஸ்லைடில் எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் லூப்ரிகேஷன் லைன் அடைத்திருக்கலாம். ஸ்பிண்டிலை 2000 ஆர்பிஎம்மில் அரை மணி ஓடவிட்டு ஹெட்ஸ்டாக்கில் கை வையுங்கள். சூடு தெரியலாம், ஆனால் கையை எடுக்க வைக்கக் கூடாது.

லாரியில் ஏற்றும் முன் பாராமீட்டர், லேடர் (மெஷினின் லாஜிக் புரோகிராம்) எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள். மாதக்கணக்கில் நின்ற மெஷினில் பேட்டரி இறங்கியிருக்கும். பவர் ஆன் செய்து வைத்தபடிதான் மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் பாராமீட்டர் போய்விடலாம், மெஷின் ஜீரோவும் மறந்துவிடலாம்.

பட்டறையில் சர்வோ ஸ்டெபிலைசரும் தனி எர்த்தும் வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டிரைவை இணைக்காதீர்கள். இறக்கிய பின் மீட்டருக்கு 0.02 மிமீ சரிவையும் காட்டும் லெவல் கருவி வைத்து உட்கார வையுங்கள். புதுத் தரையாக இருந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடியும் லெவல் பாருங்கள். பெட் முறுகினாலும் அதே டேப்பர்தான் வரும், பழி ஹெட்ஸ்டாக் மீது விழும்.