மழை அழகுதான், கால் ஏன் வழுக்குகிறது?

ஆன்லைன் கேம்களின் நகர்வுக் கோடிங்தான் என் வேலை. போன வாரமும் ஒரு இளம் குழு தங்கள் கேமைச் சோதிக்க அனுப்பியிருந்தது. மழையும் சேற்றில் மின்னும் விளக்கொளியும் அருமை. நடக்க ஆரம்பித்ததும் எல்லாம் போச்சு. பட்டனைத் தட்டி ஒரு கணம் கழித்துத்தான் கால் எழுகிறது. ஓடினால் பாதம் தரையில் வழுக்குகிறது. சுவரோரம் திரும்பினால் நாலடி பின்னால் இழுத்துப் போடுகிறது. கேட்டால், "உங்க நெட் ஸ்பீடு கம்மியா இருக்கும் சார்."

இந்தப் பதில் அலுத்துவிட்டது. நெட் பிளானில் போடும் எம்பிபிஎஸ் (Mbps) என்பது நொடிக்கு எவ்வளவு தரவு வரும் என்ற கணக்கு. நீங்கள் நடப்பதும் திரும்புவதும் மிகச் சிறிய தரவு. அது போய்த் திரும்பும் நேரம்தான் பிரச்சினை. சாலையை எட்டு வழியாக்கினாலும் மதுரை பக்கத்தில் வந்துவிடுமா? ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேமை நடத்தும் கணினியான சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து அது ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் கேபிள் போட்டாலும் போய்வர 29 மில்லிசெகண்ட் ஆகும். 500 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் இது குறையாது.

இதற்கு 1996இலேயே க்வேக்வேர்ல்டு வழி காட்டியது; க்வேக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை இணையத்தில் ஆடுவதற்கான வடிவம் அது. சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் கணினியே காலை நகர்த்திவிடும். சர்வர் பிறகு சரிபார்க்கும். இரண்டு பக்கமும் கணக்கு ஒன்றாக இல்லாவிட்டால்தான் அந்தப் பின்னிழுப்பு. இந்தக் கேமில் நடந்தது அதுதான்.

'தத்ரூபம்' என்ற பெயரில் நகர்வைக் கனமாக்குபவர்களும் க்வேக்கைப் பார்க்க வேண்டும். அதன் ஸ்ட்ரேஃப் ஜம்ப், அதாவது பக்கவாட்டில் நகர்ந்தபடி குதித்து வேகத்தைக் கூட்டும் தாவல், வேகக் கணக்கிலிருந்த ஓட்டையில் பிறந்தது. நிஜத்தில் யாராலும் அப்படித் தாவ முடியாது. ஆனாலும் கை சொன்னதைக் கால் உடனே கேட்டதால் ஆட்டக்காரர்கள் அந்த உலகத்திலேயே கிடந்தார்கள்.

முதல் வாரத்திலிருந்தே 150 மில்லிசெகண்ட் செயற்கைத் தாமதம் வைத்துச் சோதியுங்கள். ஆபீஸுக்குள்ளேயே கணினிகளை இணைக்கும் லேனில் (LAN) ஆடிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்று வராதீர்கள். வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளுக்கு நடுவே ஓடுவதே சுகமாக இருக்கட்டும், அப்புறம் மழையைச் சேருங்கள். மேடை விளிம்பைத் தாண்டி ஓரிரு ஃபிரேம் (திரையில் ஒரு படம் நிற்கும் கணம்) கழித்துத் தட்டினாலும் குதிக்க விடுங்கள். ஆடுபவர்களே, நீங்கள் வைஃபையை விட்டு கேபிளைச் செருகி, பக்கத்துச் சர்வரைத் தேர்ந்தெடுங்கள்.

கேம் செய்பவர்களிடம் இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன்: நடக்கும்போது கேமரா குலுங்குவதை நிறுத்த செட்டிங்ஸில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். அந்தக் குலுக்கலில் பலருக்குத் தலை சுற்றி, குமட்டுகிறது.