கீழடுக்கு: காட்டின் மாடிக்கணக்கும் விதை முளைக்கும் தரையும்

காட்டியல் நூல்களில் வரும் ‘அண்டர்ஸ்டோரி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் கீழடுக்கு என்பதே பொருந்தும். காலநிலை சூடாகும்போது அங்கே விதையிலிருந்து எழும் கன்றுகளுக்கு என்ன ஆகிறது என்பதே இங்கே பேச்சு; அதற்கு முன் சொற்களைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஓசோன் படை’ என்று படித்த இலங்கை மாணவர் ‘கீழ்ப்படை’ என்றும் எழுதலாம், தவறில்லை. ஆனால் படை என்றதும் சிப்பாய் கண்முன் வந்து நிற்கும் நாடு இது. அடுக்கு என்றால் அந்தத் தொல்லை இல்லை.

‘அண்டர்’ என்பது கீழ். ‘ஸ்டோரி’ இங்கே கதை அன்று, கட்டடத்தின் மாடி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: இலத்தீனின் ‘ஹிஸ்டோரியா’. இடைக்காலக் கட்டட முகப்புகளில் வரிசை வரிசையாகத் தீட்டிய கதைப்படங்களால் அந்தச் சொல் மாடிக்கும் ஆகிவந்தது என்பது பரவலான ஊகம். பிரித்தானியர் மாடியைக் குறிக்கும்போது ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுவர். அமெரிக்கர் அதையும் செய்வதில்லை. கணினி மொழிபெயர்ப்பை அப்படியே நம்பினால் காட்டுக்குள் ஓர் ‘அடிக்கதை’ முளைத்துவிடும்.

மாடி என்ற உவமையை அளவாகத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே மரமுடிகள் சேர்ந்து போர்த்தியிருப்பது விதானம். அந்த நிழலில் நிற்பதெல்லாம் கீழடுக்கு. இத்தனை மீற்றர் உயரம் என்று அதற்கு வரையறை இல்லை. இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் விதானம் 30 மீற்றரைத் தாண்டும். அங்கே கீழடுக்கு மரமே 15 மீற்றர் வளரலாம். உயர்மலைக் காற்றில் குறுகிய ஹோர்ட்டன் சமவெளிக் காட்டிலோ விதானமே ஏறத்தாழ 10 மீற்றரில் முடிந்துவிடும். இன்னொன்று: கீழடுக்கில் இருப்போர் இரு வகை. நெலு என்ற குறிஞ்சிச் செடி போல வாழ்நாள் முழுக்க நிழலிலேயே இருப்பவை ஒன்று. கீன மரத்தின் கன்று போல, மேலே இடம் கிடைக்கும்வரை கீழே காத்திருப்பவை மற்றொன்று. காட்டின் அடுத்த தலைமுறை இந்த இரண்டாம் வகைதான்.

இதைப் பற்றை என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. நம் வழக்கில் பற்றை என்பது வெயிலில் மண்டிய முட்செடி. கத்தியை எடுத்துத் துப்புரவு செய்யவேண்டிய ஒன்று. நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏலம் பயிரிட்டபோது நடந்தது அதுவேதான்: மேல்மரங்களை நிழலுக்காக விட்டுவிட்டு, அடியில் உள்ளதை வெட்டித் தள்ளி, ஏலத்தை நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு இருக்கிறது. உள்ளே போனால் கிழமரங்களுக்கு வாரிசு இல்லை.

அடுத்த சொல், ‘விதையிலிருந்து வளர்தல்’. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விதைத் தேயிலையும், துண்டு வெட்டி நட்ட வீ.பி. தேயிலையும் வேறு என்று யாரும் சொல்வார்கள். விதையில் எழுந்ததற்கு ஆணிவேர் உண்டு, வறட்சியில் நின்று பிடிக்கும், செடிக்குச் செடி குணம் மாறும். துண்டு வெட்டி நட்டதற்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் ஒரே அச்சு. காட்டுக் கீழடுக்கிலும் இதே இரு வழிகள் உள்ளன: வித்தால் பெருகுவது, வேரிலிருந்தோ அடிக்கட்டையிலிருந்தோ துளிர்ப்பது. வெப்பம் ஏறும்போது அடி வாங்குவது பெரும்பாலும் முதல் வழி. அடிக்கட்டைத் துளிருக்குத் தாயின் வேர் இருக்கிறது. வித்துக்குத் தன் வித்திலையில் உள்ள சேமிப்பு மட்டுமே.

இப்படி எழுந்த இளசுக்கு என்ன பெயர்? தென்னை என்றால் பிள்ளை, பனை என்றால் வடலி, மா என்றால் கன்று, நெல் என்றால் நாற்று என்று பிரித்து வைத்த மொழி இது. நாற்று என்றால் பிடுங்கி வேறிடத்தில் நடுவது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தானே விழுந்து தானே எழுந்த காட்டு இளசுக்கு முளைக்கன்று பொருந்தும். நாற்றுமேடையில் வளர்த்ததற்கு நாற்றை விட்டுவிடலாம்.

இனி வெப்பத்துக்கு வருவோம். மலையேறும்போது 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைகிறது. ஆகவே 1 பாகை சூடானால், பழைய குளிரைத் தேடி ஒரு செடி சுமார் 150 மீற்றர் மேலே போகவேண்டும். செடி நடக்காது; அதன் விதைதான் போகவேண்டும். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவே 2524 மீற்றர். 2100 மீற்றருக்கு மேல் கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளிச் செடிக்கு மேலே மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம்.

ஆனால் முளைக்கன்றைக் கொல்வது பெரும்பாலும் சூடு நேராக அன்று, வறள்காற்று. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 பாகையில் ஈரப்பதன் 90 சதவீதம். காற்றிலுள்ள நீராவி அப்படியே இருக்க, வெப்பநிலை மட்டும் 17 பாகை ஆனால் ஈரப்பதன் 79 சதவீதமாக இறங்கும். 11 புள்ளிதானே என்று தோன்றும். இலையிலிருந்து நீரை இழுக்கும் ஆவிக் குறைபாடோ 0.17 கிலோபாசுக்கலிலிருந்து 0.40க்குப் போய்விடுகிறது, இரு மடங்குக்கும் மேல். பெரிய மரம் ஆழ்வேரால் சமாளிக்கும். முளைத்து ஒரு வாரமான கன்றின் வேர் சருகுப் படலத்தைக்கூடத் தாண்டியிராது. முதலில் காய்வதும் அந்தச் சருகுதான். காற்று வறண்டால் முகில் உருவாகும் மட்டமும் உயரும். முகில் காடு என்று பெயர் பெற்ற இடத்தில் இலை வடிக்கும் பனிநீர் குறைந்தால் மழைமானியில் அது தெரியாது, மண்ணில் தெரியும்.

இரவுச் சூடும் ஒரு செலவு. அடர்நிழலில் பகல் முழுக்கச் சேர்க்கும் மாப்பொருள் சொற்பம். இரவு வெப்பமானால் சுவாசம் கூடி அந்தச் சொற்பமும் கரையும். நிழலில் வெளிச்சம் கூடாததால் ஈடுகட்ட வழியில்லை. கன்று வாடாமலே, நோய் காட்டாமலே, மெல்ல மெலிந்து சாகும்.

இந்த இடத்தில் ஒரு சொல் மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராட்டிஃபிகேசன்’ என்றால் காட்டின் அடுக்கமைவு. அதே சொல் விதையியலில் வேறு: ஈரமணலும் விதையுமாக மாற்றி மாற்றி அடுக்கிக் குளிரில் வைப்பது. இரண்டும் அடுக்கு என்ற பொருளுடைய இலத்தீன் ‘ஸ்ட்ராட்டம்’ வழி வந்தவை. பின்னதைத் தமிழில் ஈரக்குளிர்ப் பதப்படுத்தல் எனலாம். ஐரோப்பியக் காடுகளின் கீழடுக்குச் செடிகள் பலவற்றுக்கு 0 முதல் 5 பாகை வரையான ஈரக்குளிர் பல வாரம் கிடைத்தால்தான் வித்துறக்கம் கலையும். குளிர்காலம் சுருங்கினால் முளைப்பு கெடும் என்று அங்கே சொல்வது அதனால். அதை அப்படியே எடுத்து நுவரெலியாவுக்கு எழுதுவது பிழை. இங்கே ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்மேல் உறைபனி விழும், பத்து மணிக்குள் போய்விடும். மாதக்கணக்கான குளிர்காலம் கிடையாது. ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் வித்து உறங்கவே உறங்காது, உலர்ந்தால் செத்துவிடும்.

நெலுவின் நிலைமை இன்னும் இக்கட்டானது. சிங்களப் பெயர் நெலு, தமிழில் குறிஞ்சி. நீலகிரியில் 2006லும் 2018லும் பூத்த நீலக்குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்தவை. பல இனங்கள் ஆண்டுக்கணக்கில் இலையோடு மட்டும் நின்று, ஒரே சமயத்தில் பூத்து, விதைத்து, கூட்டமாக மடியும். ஹோர்ட்டன் சமவெளியில் 2013இல் அப்படி ஒரு பூப்பு. காய் முற்றி உலர்ந்ததும் வெடித்து விதையைத் தெறிக்கும், காட்டுக்கோழி கூடிப் பொறுக்கும். தாய்ச்செடிகள் சாய்ந்ததும் தரைக்கு வெளிச்சம் வரும், மழையோடு முளைக்கன்றுகள் நெருக்கியடித்து எழும். பல ஆண்டுச் சேமிப்பையும் ஒரே மழைக்காலத்தில் பணயம் வைக்கும் வழி இது. அந்த ஆண்டு வறட்சி நீண்டால் அடுத்த மழைக்கு விதை போட மூத்த செடி எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த இடைவெளியில் மூடுபனிப்பூண்டு போன்ற வந்தேறிகள் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் களத்தில் பார்க்க விரும்புவோர் முதலில் வெப்பமானியைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். வானிலை நிலையம் அளப்பது திறந்த புல்வெளியில், தரையிலிருந்து 1.2 முதல் 2 மீற்றர் உயரத்துக் காற்றை. விதை கிடப்பது சருகின் அடியில். விதானத்தின் கீழே பகல் உச்ச வெப்பம் வெளியைவிடச் சில பாகை குறைவாக இருக்கும். மரம் பட்டுப்போய் விதானம் கிழிந்த இடத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஆகவே நிழலில் ஒன்று, கிழிசலில் ஒன்று என்று, மண்ணில் 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கருவிமேல் வெயில் நேராக விழுந்தால் எண் பொய் சொல்லும்.

கன்றுகளை எண்ண 1 மீற்றர் சதுரம் போதும். மூலைக்கு ஒரு குச்சி, கன்றுக்கு ஒரு எண் அட்டை. அடியில் வித்திலையோ அதன் தழும்போ இருந்தால் முளைக்கன்று. மண்ணை விரலால் விலக்கும்போது கிடையான தடித்த வேரோடு சேர்ந்திருந்தால் அது துளிர், கணக்கில் சேராது. ஒரே ஒரு முறை எண்ணிவிட்டு முளைப்பு நன்று என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. முளைத்தது எத்தனை என்பதைவிட முதல் வறட்சியைத் தாண்டியது எத்தனை என்பதே கேள்வி. மாதம் ஒரு முறை, குறைந்தது ஒரு வறண்ட பருவம் முடியும்வரை எண்ண வேண்டும். நுனி கடிபட்டுக் கன்று காணாமல் போனால் வெப்பத்தின்மேல் பழி போடாதீர்கள், அது மரை மானின் வேலையாக இருக்கலாம். பக்கத்திலேயே இன்னொரு சதுரத்துக்குக் கம்பிவலை அடைத்து வைத்தால் இரண்டும் பிரிந்து தெரியும். தேசிய பூங்காவுக்குள் இதெல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நடக்காது.