டிஜிட்டல் அரெஸ்ட்னு போன் வந்தா சட்டம் என்ன சொல்லுது, சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-ல என்ன நடக்கும்

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் இருக்காரு, ஸ்கூலையே அதட்டி வேலை வாங்குன மனுஷன். அவரு ஒரு நாள் பூஜை ரூம் கதவ சாத்திட்டு, போன குத்துவிளக்குல சாய்ச்சு வெச்சு, அது முன்னாடி கைய கட்டிட்டு உக்காந்திருந்தாராம், வீட்டம்மா சாப்பிட கூப்பிட்டும் வரல. வீடியோல காக்கிச்சட்டை போட்ட ஒருத்தன். உங்க ஆதார வெச்சு மும்பைல சிம் வாங்கிருக்காங்க, உங்க பேருல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, நீங்க இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க, கேமராவ ஆஃப் பண்ணா வீட்டு வாசலுக்கு ஜீப் வரும்னு மிரட்டிருக்கான். மருமகன் எதேச்சையா வந்து கதவ தட்டுனதால எஃப்டி தப்பிச்சுது.

படிச்சவரு எப்படி சார் ஏமாந்தாருன்னு எல்லாரும் கேக்குறாங்க. என்னைக் கேட்டா அந்தப் படிப்புதான் காலை வாரிருக்கு, சீலும் செக்‌ஷன் நம்பரும் போட்ட பேப்பர பாத்தா உடனே பதில் எழுதியே பழகுன தலைமுறை அது. 2024-ல ஜவுளி கம்பெனியான வர்த்தமான் குழும தலைவர் ஓஸ்வால், 82 வயசு, 7 கோடி ரூபாய அனுப்பிட்டாரு. அவருக்காக வீடியோ கால்ல ஒரு போலி சுப்ரீம் கோர்ட்டே நடத்தி, அப்ப தலைமை நீதிபதியா இருந்த சந்திரசூட் பேருல ஒருத்தன் ஆர்டர் போட்டிருக்கான். அப்புறம் போலீஸ் 5 கோடிக்கு மேல மீட்டாங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு மிரட்டுறானே, மொத்த நாடகமும் நிக்கிறதே அதுலதான், பக்கத்துல ஒரு ஆள் இருந்து "என்னப்பா இது"ன்னு கேட்டாலே கலைஞ்சிரும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1-ல இருந்து கைதும் விசாரணையும் எப்படி நடக்கணும்னு சொல்ற பழைய சிஆர்பிசி சட்டத்துக்கு பதிலா பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா அமல்ல இருக்கு, அதுல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு தேடுனாலும் கிடைக்காது. விசாரணைக்கு வரச் சொல்லணும்னா பிரிவு 35(3)-ல நோட்டீஸ் குடுக்கணும், அத வாட்ஸ்அப்ல அனுப்பக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரிலயே சொல்லிருச்சு. கைது பண்ண வர்ற போலீஸ் பேர் தெரியுற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும், கைது மெமோ எழுதி வீட்டு ஆளோ ஊர்ல மதிப்பான ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்து போடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அதாவது நிஜ கைதுல வீட்டுக்கு தகவல் சொல்லியே ஆகணும், இவனுங்க அப்படியே தலைகீழா மறைக்கச் சொல்றானுங்க. வெரிஃபிகேஷனுக்காக பணத்த வேற அக்கவுண்டுக்கு மாத்துங்கன்னு எந்த போலீஸும் சிபிஐயும் கேக்காது, கேட்டா அந்த இடத்துலயே கட் பண்ணிரலாம்.

பணம் போயிருச்சா, பேங்க் திறக்கட்டும்னு காத்திருக்க வேணாம், 1930-க்கு அடிங்க. நம்ம அக்கவுண்ட் நம்பர், எவ்வளவு போச்சு, எத்தன மணிக்கு, எந்த அக்கவுண்டுக்கு, இதெல்லாம் கேப்பாங்க. அந்த தகவல் பணம் போய் சேந்த பேங்குக்கு போகும், பணம் அங்கயே இருந்தா அப்படியே பிடிச்சு வெப்பாங்க, வேற பேங்குக்கு தாவிருந்தா தகவலும் பின்னாடியே போகும். திருடனுங்க அடுத்தவங்க பேருல வாடகைக்கு எடுத்த அக்கவுண்ட் வழியா நிமிஷத்துல பணத்த பிரிச்சு அனுப்பிருவானுங்க, அதனால முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். லைன் கிடைக்கலன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-ல நீங்களே புகார் போட்டு, வர்ற புகார் நம்பர எழுதி வெச்சுக்கோங்க. பிடிச்சு வெச்ச பணம் உடனே கைக்கு வந்துராது, பெரிய தொகைனா வழக்கமா கோர்ட் ஆர்டர் வாங்கித்தான் திரும்பும், அலைச்சல்தான்.

பணம் போகல, கால் மட்டும்தான் வந்துச்சுன்னா மத்திய தொலைத்தொடர்பு துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல சக்‌ஷு பகுதியில அந்த நம்பர சொல்லிரலாம். பயத்துல சாட்ட அழிச்சுராதீங்க, ஹெட்மாஸ்டர் அதத்தான் முதல்ல பண்ணாரு, அப்புறம் புகார்ல போட ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு கூட இல்ல.