வெள்ளி பிறந்த வருடமும் வந்திறங்கிய வருடமும்

லண்டனில் பழைய வெள்ளிச் சாமான்களுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். ஒருமுறை ஓர் அம்மா, பாய்மரக் கப்பல் வடிவில் ஒரு வெள்ளிப் பொருளைக் கொண்டுவந்தார். ‘ஜெர்மனி, 17ஆம் நூற்றாண்டு’ என்று விற்றவர் எழுதிய சீட்டும் கூடவே இருந்தது. அடிப்பக்கம் கிரீடமும் கோத்திக் எழுத்துமாக ஏகப்பட்ட முத்திரைகள். லென்ஸை விளிம்புக்கு நகர்த்தினேன். இரண்டு இலைகளோடு ஓர் ஓக் கொட்டை, பக்கத்தில் .925 (ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி என்று பொருள்). வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்திய, இங்கிலாந்தின் செஸ்டர் நகரச் சோதனைச் சாலையின் இறக்குமதி முத்திரை அது. 1904க்கு முன் அப்படியொரு முத்திரையே கிடையாது.

“பழைய பொருளை அப்புறமாக இறக்குமதி செய்திருக்கலாமே?” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் 1800க்கு முன் செய்த அலங்கார வெள்ளிக்கு 1842ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டமே சோதனையிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தது. விலக்கு இருக்கும்போது எவராவது வலியப் போய்ப் பணம் கட்டி முத்திரை வாங்குவார்களா? கொண்டுவந்தவரே அதைப் பழையது என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிவது. ஜெர்மனியின் ஹனாவ் நகரப் பட்டறைகள் பழைய பாணியில் செய்து, பழைய தோற்றத்தில் கற்பனை முத்திரைகளும் குத்தி அனுப்பியவை ஏராளம். பெர்தோல்ட் முல்லர் என்ற இறக்குமதியாளரின் பி.எம். எழுத்துகளோடு செஸ்டர் வழியாக வந்தவை இன்றும் ஏலங்களில் அடிக்கடி தலைகாட்டும்.

இறக்குமதிப் பொருளில் உள்ள வருட எழுத்து, அதாவது வருடத்தைக் குறிக்கக் குத்தும் எழுத்து, சோதித்த வருடத்தைத்தான் சொல்லும். செய்த வருடத்தை அல்ல.

1867 முதல் 1904 வரை வந்தவற்றில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தரத்தைக் காட்டும் நடக்கும் சிங்கம், சோதித்த ஊரைக் காட்டும் ஊர் முத்திரை என ஆங்கிலேய வெள்ளிக்கு உள்ளது எல்லாம் அவற்றிலும் இருக்கும். கூடுதலாக, முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஓர் ‘எஃப்’ எழுத்து. ‘ஃபாரின்’ என்பதன் முதலெழுத்து. அதை வருட எழுத்தாகப் படித்துவிட்டு ‘லண்டன், 1881’ என்று விலைச்சீட்டு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தைவிட அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள்.

1904இல் இறக்குமதி வெள்ளியிலிருந்து சிங்கம் போய், எண் வந்தது. (.925 என்றாலே புதுச்சரக்கு என்று எண்ண வேண்டாம்.) ஊர் முத்திரைகளும் மாறின. லண்டனுக்குச் சூரிய முகம், ஷெஃபீல்டுக்குக் குறுக்கிட்ட அம்புகள், கிளாஸ்கோவுக்கு ஆயரின் தொப்பி, டப்ளினுக்கு ஷாம்ராக் இலை. இந்த நான்கும் 1906 வரைதான் ஓடின. பிறகு லண்டனுக்குச் சிம்ம ராசிக் குறி, ஷெஃபீல்டுக்குத் துலாம் ராசிக் குறி. நம் ஜாதகக்காரருக்கு லென்ஸே தேவைப்படாது! பர்மிங்காமின் முக்கோணம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சூரிய முகம் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் முத்திரை அரிது என்பதற்காகப் பொருளுக்கு வயது கூடிவிடாது.

முத்திரை இல்லாததும் எப்போதும் குற்றமல்ல. கீழைநாட்டுப் பாணியில் கையால் செதுக்கிய வேலைக்கு 1884ஆம் ஆண்டு வரிச் சட்டம் விலக்களித்தது. சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் விற்ற, சுவாமி உருவங்கள் புடைத்து நிற்கும் தேநீர்க் குடங்கள் அந்த வகையில் சேரும். பிரிட்டிஷ் முத்திரை இல்லையென்று அப்படி ஒன்றைப் பழைய வெள்ளி விலைக்கு உருக்கப் போட்டுவிடாதீர்கள். முதலில் அடியில் கடைப் பெயர் குத்தியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.