பழைய பைக்கின் பின் ஷாக்: எதைப் பார்த்து வாங்குவது?

வண்டி வைத்திருக்கவே தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் விலை 10,000 வெள்ளியைத் தாண்டியதைப் பார்த்த பிறகு, சிங்கப்பூரில் ஓடுகிற பைக்கை யாருக்கும் விட மனம் வருவதில்லை. சான்றிதழை 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ நீட்டித்து ஓட்டுகிறோம். ஹோண்டா சூப்பர் ஃபோர் போன்ற வண்டிகளில் எஞ்சின் அதற்கு ஈடுகொடுக்கும். பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் பின் ஷாக் கொடுக்காது. வேகத்தடை தாண்டியதும் சீட் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, புதிதாக எதை வாங்குவது? கடையில் தங்க நிறக் குழாய், பக்கத்தில் தனிக் குப்பி, நாலு திருகு என்று கண்ணைப் பறிக்கும் சாமான்கள் தொங்கும். அவற்றைப் பார்ப்பதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஷாக்குக்கு இரண்டு வேலைகள். வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் டாம்பர் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. டாம்பருக்குள் எண்ணெயும், அதில் நகரும் ஒரு பிஸ்டனும், பிஸ்டனில் சிறு துளைகளும் உண்டு. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை மெதுவாகத் தள்ளினால் சுலபமாகப் போகும், வேகமாகத் தள்ளினால் கையை எதிர்க்கும் அல்லவா? டாம்பரும் அப்படித்தான் வேகத்தை எதிர்க்கிறது. எதிர்த்த ஆற்றல் வெப்பமாகிறது. எண்ணெய் சூடேறினால் இளகி, எதிர்ப்பு குறையும். பழைய ஷாக்கில் வாயுவும் எண்ணெயும் கலந்து நுரைத்துவிட்டால் இன்னும் மோசம், நுரை துளைகள் வழியே தடையில்லாமல் ஓடிவிடும். நல்ல ஷாக்குகளில் நைட்ரஜனை அழுத்தி அடைப்பது எண்ணெயில் குமிழ் உண்டாகாமல் இருக்கத்தான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தத்தில் சீட்டைக் கையால் அமுக்கி ஷாக்கை எடைபோடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கை தரும் வேகம் மிகக் குறைவு. தீவு விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பால இணைப்பைத் தாண்டும்போது பிஸ்டன் நகரும் வேகமே வேறு. அமுக்கிப் பார்த்தால் செத்த ஷாக்கைக் கண்டுபிடிக்கலாம், நல்ல ஷாக்கைத் தேர்ந்தெடுக்க முடியாது.

என் கணிப்பில், பணம் போக வேண்டிய முதல் இடம் சரியான ஸ்பிரிங். பலரும் இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள். ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதுதான் அதன் கடினம். கம்பியின் தடிமன் கூடினால் கடினம் அதன் நான்காம் அடுக்கில் கூடும். மற்ற அளவுகள் மாறாமல் 8 மி.மீ. கம்பி 8.5 ஆனால் கடினம் ஏறக்குறைய 27 விழுக்காடு ஏறிவிடும். அந்த அரை மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஸ்பிரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு. அடியில் இருக்கும் வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. பின் அச்சுக்குப் பக்கத்தில் இரட்டை ஷாக் உள்ள வண்டியில் 10 மி.மீ. திருகினால் பின்பக்கம் கிட்டத்தட்ட 10 மி.மீ. உயரும், அவ்வளவுதான். ஒவ்வொரு மி.மீட்டருக்கும் தேவையான விசை பழையபடியே இருக்கும்.

இதை வைத்தே ஸ்பிரிங் சரியா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஏதாவது ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி மறுபடி அளங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு நீங்கள் ஏறி உட்காருங்கள், மூன்றாம் முறை அளக்கட்டும். முதல் அளவுக்கும் மூன்றாம் அளவுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் நகரக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 100 மி.மீ. நகரும் வண்டியில் அந்த வித்தியாசம் 30 மி.மீ. வரும்படி பிரீலோடை வையுங்கள். இப்போது ஆளில்லாமல் வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். 5 முதல் 10 மி.மீ. என்றால் ஸ்பிரிங் பொருத்தம். துளிக்கூட அமிழவில்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை. உங்களைத் தாங்க அதை அளவுக்கு மீறி முன்கூட்டியே அமுக்க வேண்டியிருந்திருக்கிறது. அதிகமாக அமிழ்ந்தால் ஸ்பிரிங் கடினம். முதலில் தலைகீழாகத் தோன்றும், யோசித்தால் புரியும்.

வாரநாளில் தனியாக வேலைக்கு, சனிக்கிழமை மனைவியோடு பையும் கட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் தாண்டி மலாக்காவுக்கு என்பதுதான் நம்மில் பலருடைய ஓட்டம். பின்னால் உட்காருபவரின் எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் விழும். தனியாக ஓட்டும் எடைக்கு ஸ்பிரிங்கைத் தேர்ந்துகொண்டு, பிரீலோடைச் சுலபமாக மாற்றக்கூடிய ஷாக்கை வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தனிக் குப்பி வைத்த ஷாக்கில் எண்ணெய் கூடுதலாக இருக்கும், சூடேற நேரமாகும். பீஷானிலிருந்து ஜூரோங்குக்குப் போய்வர அது தேவையில்லை.

ஒற்றை ஷாக் வண்டி என்றால் ஒரு எச்சரிக்கை. அதில் நெம்புகோல் கணக்கு வரும். சக்கரம் 2 மி.மீ. நகரும்போது ஷாக் 1 மி.மீ. நகர்கிறது என்றால், சக்கரத்தில் உணரும் கடினம் ஸ்பிரிங்கின் கடினத்தில் நான்கில் ஒரு பங்குதான். அடுத்த வண்டிக்காரர் போட்ட ஸ்பிரிங்கின் கடின எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

நீளத்தையும் விட்டுவிடாதீர்கள். அச்சிடைத் தூரம் 1,400 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தால், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். வண்டி சட்டென்று திரும்பும், வேகத்தில் பதற்றப்படும். பக்க ஸ்டாண்டில் நிறுத்தினால் கூடுதலாகச் சாயும்.

திறந்து எண்ணெயும் சீலும் மாற்றக்கூடிய ஷாக்கா என்று கடையில் கேளுங்கள். பத்து ஆண்டு நீட்டித்தவருக்கு அதில் போடும் பணம் வீணாகாது. 5 ஆண்டு நீட்டித்தவரால் மறுபடி நீட்டிக்க முடியாது. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான பைக்குகள் பொதுவாக 2028 ஜூன் 30-க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட அனுமதியில்லை. அந்த வண்டிக்காரர்களுக்குத் தன் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்ட சாதாரண ஷாக் தாராளமாகப் போதும். எதை மாட்டினாலும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.